கால் மைலுக்கு பக்கி: டயரை மாற்றவா, டிஃபை மாற்றவா?

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த்தோ, ஃபீனிக்ஸோ, லெனேசியாவோ, பக்கி (பிக்அப் வண்டி) வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், கால் மைல் (402 மீட்டர்) நேர்கோட்டுப் பந்தயத்துக்கு வண்டியில் எதை மாற்றுவது என்ற பேச்சு வராமல் போகாது. ஒருவர் பின்பக்கம் சின்ன டயரைப் போடச் சொல்வார். இன்னொருவர் டிஃபை (அச்சின் இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல்) பிரித்து, அதிலுள்ள கிரவுன்-பினியன் என்ற பல்சக்கர ஜோடியை மாற்றச் சொல்வார். மூன்றாமவர், ரெண்டும் ஒரே கணக்குதான், எது மலிவோ அதைச் செய் என்பார்.

மூன்றாமவர் சொல்வது பாதி சரி. டயரின் விட்டத்தைக் குறைத்தாலும், டிஃப் எண்ணை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து டிஃபுக்கு வரும் புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற விகிதம்) கூட்டினாலும் எஞ்சினுக்கு விளைவு ஒன்றே: அதே வேகத்தில் அதிகச் சுற்று, சக்கரத்தில் அதிக இழுவை. மீதிப் பாதியில்தான் நேரமும் பணமும் போகிறது. டயர் மாறினால் பிடிப்பு, எடை, உயரம், ஸ்பீடோமீட்டர் எல்லாம் கூடவே மாறும். டிஃப் மாறினால் இழுவை மட்டும் மாறும். அந்த இழுவையைத் தாங்க டயர் தயாரா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிடிப்புக்காக டயரைத் தேர்ந்தெடுங்கள். அந்த டயரோடு முடிவுக் கோட்டைத் தாண்டும்போது எஞ்சின் எந்தச் சுற்றில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற டிஃபைத் தேடுங்கள். இந்த வரிசையை மாற்றியவர்கள் டிஃபுக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறார்கள்.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் முடிவுக் கோட்டுச் சுற்று, அதாவது அங்கே எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது. 402 மீட்டர் முடியும் இடத்தில் எஞ்சின் தன் உச்ச சக்திச் சுற்றிலோ அதற்குச் சற்று மேலோ இருக்க வேண்டும். கீழே இருந்தால் சக்தி வீண். லிமிட்டரில் (எஞ்சின் சுற்றுக்கு மேல்வரம்பு போடும் கட்டுப்பாடு) முட்டினாலோ, கோட்டுக்குப் பத்து மீட்டர் முன்னால் கியர் மாற நேர்ந்தாலோ அதைவிட நஷ்டம்.

இரண்டாவது 60 அடி நேரம், அதாவது முதல் 18.3 மீட்டர். இங்கே பத்தில் ஒரு விநாடி மிச்சமானால், கடைசியில் பெரும்பாலும் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை மிச்சமாகும். சுமை ஏற்றாத பக்கியின் பின்பக்கம் லேசானது என்பதால் பெரும்பாலான வண்டிகள் தோற்பது இங்கேதான்.

மூன்றாவது கியர் மாற்றங்களின் எண்ணிக்கை. நான்காவது சக்கரத்தின் எடை. ஐந்தாவது திங்கட்கிழமை. வாரம் முழுக்க சாமான் ஏற்றி என்2, என்3 நெடுஞ்சாலைகளில் ஓடும் வண்டிக்கு, ஞாயிறு ஓட்டத்துக்காகச் செய்த மாற்றம் மற்ற ஆறு நாளும் பில் போடும்.

ஆறாவதை நம் நாட்டில் விடவே முடியாது: கடல் மட்டமா, ஹைவெல்டா (ஜோஹன்னஸ்பர்க் அமைந்த உள்நாட்டு உயர்சமவெளி)? போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கத்து டெஸி டிராக்கும் கேப் டவுனின் கில்லார்னி டிராக்கும் ஏறக்குறைய கடல் மட்டத்தில் உள்ளவை. க்ரூகர்ஸ்டார்ப் அருகிலுள்ள டார்ல்டன் 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் தன் சக்தியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை இழக்கும். கால் மைல் முடிவு வேகம் சக்தியின் கனமூலத்தைப் பின்பற்றும் என்பதால் வேகம் சுமார் 6 சதவீதம் குறையும். கடற்கரையில் 140 கி.மீ. வேகத்தில் கோட்டைத் தாண்டும் வண்டி, ஹைவெல்டில் 132-ஐ ஒட்டித்தான் தாண்டும். அதாவது கடற்கரைக்குச் சரியாக அமைந்த டிஃப் மேலே ஏறியதும் 6 சதவீதம் உயர்ந்த கியர் போல ஆகி, கோட்டுச் சுற்றைக் குறைத்துவிடுகிறது. டர்பன்காரரும் ஜோஹன்னஸ்பர்க்காரரும் ஒரே வண்டிக்கு வெவ்வேறு டிஃபைச் சிபாரிசு செய்து சண்டை போட்டுக்கொள்வதற்கு இதுவே காரணம். இருவர் சொல்வதும் அவரவர் ஊரில் சரி.

கணக்கு

ஒரே ஒரு சூத்திரம் போதும்:

சுற்று = வேகம் (கி.மீ.) × கியர் எண் × டிஃப் எண் × 5305 ÷ டயர் விட்டம் (மி.மீ.)

டயர் விட்டத்தை அதன் பக்கவாட்டிலுள்ள எண்ணிலிருந்தே எடுக்கலாம். 265/65ஆர்17 என்றால் 265-இல் 65 சதவீதம் 172. அதை இரட்டித்து, 17 அங்குல ரிம்மின் 432-ஐக் கூட்டினால் 776 மி.மீ. இதே வழியில் 285/70ஆர்17 டயர் 831 மி.மீ., 275/60ஆர்15 டயர் 711 மி.மீ. வரும்.

மாதிரிக்கு டொயோட்டா ஹைலக்ஸ் 4.0 வி6 ரகத்து ஆட்டோமேட்டிக் பக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உச்ச சக்தி 5,200 சுற்றில், லிமிட்டர் 5,800-இல். மூன்றாம் கியர் 1.40, கோட்டைத் தாண்டுவது அதே கியரில். உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

| டயர் விட்டம் | டிஃப் | கடற்கரையில் 140 கி.மீ. | ஹைவெல்டில் 132 கி.மீ. |
|---|---|---|---|
| 831 மி.மீ. | 3.91 | 4,890 | 4,610 |
| 776 மி.மீ. | 3.91 | 5,240 | 4,940 |
| 711 மி.மீ. | 3.91 | 5,720 | 5,390 |
| 776 மி.மீ. | 4.30 | 5,760 | 5,430 |
| 776 மி.மீ. | 4.56 | 6,110 | 5,760 |
| 831 மி.மீ. | 4.56 | 5,710 | 5,380 |

இவை டார்க் கன்வர்ட்டர் (ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திரவத்தால் இணைக்கும் பாகம்) நழுவலைச் சேர்க்காத எண்கள். கன்வர்ட்டர் லாக் ஆகாமல் கோட்டைத் தாண்டினால் 3 முதல் 5 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்போது கடற்கரையில் 5,720 என்பது 5,890 ஆகி லிமிட்டரைத் தாண்டிவிடும். ஹைவெல்டில் 5,390 என்பது 5,550 ஆகி நல்ல இடத்தில் உட்காரும். அட்டவணையை வாசிக்கும்போது இந்த நழுவலை மறப்பவர்கள் ஒரு படி அதிகமாகவே டிஃப் வாங்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது, நான்காவது வரிகளைச் சேர்த்துப் பாருங்கள். 711 டயரும் 3.91 டிஃபும் எஞ்சினுக்குக் கொடுப்பதை, 776 டயரும் 4.30 டிஃபும் கிட்டத்தட்ட அப்படியே கொடுக்கின்றன. கடைசி வரியும் அதே இடம்தான். மூன்று வழிகளும் ஒரே சுற்றில் முடிகின்றன; கிளம்பும் இடத்திலும் பணப்பையிலும்தான் வித்தியாசப்படுகின்றன.

வழி 1: மட் டயரைக் கழற்றிவிட்டு கம்பெனி அளவுக்குத் திரும்புவது

அழகுக்காக 285/70ஆர்17 மட் டயர் போட்டிருக்கும் வண்டிக்கு இதைவிட லாபமான மாற்றம் கிடையாது. கம்பெனி டயரோடு ஒப்பிட்டால் சக்கரத்துக்கு எட்டு, ஒன்பது கிலோ வரை கூடுதல் எடை. அந்த எடையில் பெரும்பகுதி விளிம்பில் சுழல்வது. விளிம்பில் சுழலும் ஒரு கிலோவை வேகமெடுக்க வைப்பதற்கு, வண்டியில் சும்மா கிடக்கும் ஏறக்குறைய இரண்டு கிலோவுக்குரிய சக்தி செலவாகும். அதோடு 3.91 டிஃப் 3.65 போல நடந்துகொள்கிறது. மட் டயரின் கட்டைகளும் டிராக்கில் வளைந்து நெளிந்து பிடிப்பை விடும்.

செலவு: பழைய டயர்கள் கொட்டகையில் கிடந்தால் ஒன்றுமில்லை. மறைமுகச் செலவும் இல்லை. டீசல், பெட்ரோல் மிச்சம், ஸ்பீடோமீட்டரும் சரியாகும். 831 டயரில் மீட்டர் 120 காட்டும்போது வண்டி உண்மையில் 128-இல் போகிறது. வேகக் கேமராவுக்குத் தெரிவது 128.

வழி 2: பின்பக்கம் விட்டம் குறைந்த, பிடிப்புள்ள டயர்

இரு சக்கர இயக்க பக்கிக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். காரணத்தை எண்ணிலேயே பார்க்கலாம்.

மாதிரி வண்டியில் 375 நியூட்டன் மீட்டர் டார்க், முதல் கியர் 3.52, டிஃப் 3.91. வழியில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் 776 டயரின் அடியில் சுமார் 1,150 கிலோ தள்ளுவிசை வரும். டார்க் கன்வர்ட்டர் பெருக்குவது இதில் சேரவில்லை. 1,950 கிலோ வண்டியில் பின்னச்சின் மேல் சும்மா நிற்கும்போது 800 கிலோவைச் சற்றுத் தாண்டிய எடை இருக்கும். கிளம்பும்போது பின்னால் சாயும் எடையைச் சேர்த்தாலும் சாதாரண டயர் 950 கிலோ அளவுக்குத்தான் பிடிக்கும். எஞ்சின் கொடுப்பதையே டயர் வாங்கவில்லை. இந்த நிலையில் 4.56 டிஃப் போட்டால் புகைதான் கூடும், நேரம் குறையாது.

அதே இடத்தில் 275/60ஆர்15 டிராக் ரேடியலை (நேர்கோட்டுப் பந்தயத்துக்கான மிருதுவான டயர்) போட்டு, பசை தெளித்த டிராக்கில் நிறுத்தினால் பிடிப்பு 1,400 கிலோ பக்கம் போகும். விட்டம் 776-இலிருந்து 711 ஆவதால் டிஃபைத் தொடாமலேயே 3.91 என்பது 4.27 போல நடக்கும். பிடிப்பும் இழுவையும் ஒரே செலவில் வருகின்றன.

போடும் முன் பார்க்க வேண்டியவை:

15 அங்குல ரிம் பின் பிரேக்கின் மேல் ஏறுமா? டிரம் வைத்த பின்னச்சில் பெரும்பாலும் ஏறும். டிஸ்க் வைத்ததில் காலிப்பர் இடிக்கலாம். ரிம்மை மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே டயர் ஏற்றுங்கள். ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர் இரண்டும் ஆறு போல்ட், 139.7 மி.மீ. வட்டம்தான் என்றாலும் நடுத் துளை வேறு: ஹைலக்ஸில் 106, ரேஞ்சரில் 93. ரேஞ்சர் ரிம் ஹைலக்ஸ் ஹப்பில் உட்காராது. ஹைலக்ஸ் ரிம் ரேஞ்சரில் உட்காரும், ஆனால் நடுவளையம் இல்லாவிட்டால் ஆடும்.

முன்னும் பின்னும் 9 சதவீதம் விட்ட வித்தியாசம் வந்தால், நழுவல் கட்டுப்பாட்டுக் கணினி பின்சக்கரம் நழுவுகிறது என்று எடுத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மூடிவிடும். பட்டனை அழுத்திப் பிடித்து முழுதாக அணைக்க வேண்டும். சில வண்டிகளில் குறிப்பிட்ட வேகம் தாண்டியதும் அது தானே திரும்ப வந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியில் இந்த வழி ஓடாது. நிரந்தர நான்கு சக்கர இயக்கத்திலும் ஓடாது. முன்பின் டயர் அளவு மாறினால் நடு டிஃப் சூடாகிக் கெடும்.

காற்றழுத்தம்: டிராக் ரேடியலுக்கு 1.4 பாரில் தொடங்கி, ஓட்டத்துக்கு ஓட்டம் 0.1 குறைத்துப் பாருங்கள்; பெரும்பாலான பக்கிகள் 1.1-க்குக் கீழே போக வேண்டியிராது. கிளம்பிய தடத்தைக் குனிந்து பாருங்கள். ஓரங்கள் மட்டும் கறுத்திருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் கறுத்திருந்தால் அதிகம். அகலம் முழுக்க ஒரே கருமை இருந்தால் அந்த அழுத்தத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பெட்டியில் (டயரைச் சுழற்றிச் சூடாக்க, கிளம்பும் இடத்துக்கு முன்னால் ஈரமாக்கிய இடம்) டிராக் ரேடியலுக்கு லேசான புகை கிளம்பும்வரை சுற்றினால் போதும். பள்ளம் வெட்டிய சாதாரண டயரோடு வந்திருந்தால் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போங்கள். அந்தப் பள்ளங்கள் தண்ணீரைச் சுமந்து வந்து கிளம்பும் இடத்தில் சொட்டும்.

முழு ஸ்லிக் (பள்ளமே இல்லாத பந்தய டயர்) போடுவதானால் இன்னொன்றும் கணக்கில் சேர வேண்டும். குறுக்கிழை ஸ்லிக் வேகம் ஏற ஏறப் புடைத்து விட்டம் கூடும். கோட்டருகே கியர் சற்று உயர்ந்தது போலாகும். ரேடியலில் இது மிகக் குறைவு.

முன்பக்கம் கம்பெனி டயரே இருக்கட்டும். விட்டம் பெரிய முன்டயர் தொடக்க ஒளிக்கதிரை விட்டு விலகச் சற்று அதிகத் தூரம் உருளும். கடிகாரம் ஓடத் தொடங்கும்போது வண்டி கொஞ்சம் கூடுதல் வேகத்தில் இருக்கும். நூறில் ஒரு விநாடிக்குள் அடங்கும் லாபம்தான் என்றாலும் இலவசமாக வருவது.

மறைமுகச் செலவு: இரண்டாவது ஜோடி ரிம், விரைவில் தேயும் ரப்பர், ஒவ்வொரு முறையும் ஜாக் போடும் வேலை. டிராக் ரேடியலின் சுமைத் தாங்கும் எண் பக்கி டயரைவிடக் குறைவாகவே இருக்கும். சிமெண்ட் மூட்டை ஏற்றிய பின்பெட்டியோடு அதில் ஓடக் கூடாது. டர்பன் மழையில் என்2-வில் அது ஆபத்தும்கூட. டிராக்குக்குப் பின்பெட்டியில் எடுத்துப் போய் அங்கே மாட்டுவதே முறை. அதனால் வாரநாள் வண்டிக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்பது இந்த வழியின் பெரிய பலம்.

வழி 3: டயரை விட்டுவிட்டு டிஃப் எண்ணைக் கூட்டுவது

இரண்டு சூழலில் இது முதலிடம் பெறும். ஒன்று, நான்கு சக்கர இயக்க பக்கி: நாலு டயரும் பிடித்தால் 1,950 கிலோ வண்டிக்குச் சுமார் 1,750 கிலோ பிடிப்பு இருக்கும், கூடுதல் இழுவையைத் தாராளமாக வாங்கிக்கொள்ளும். மற்றொன்று, பிடிப்பு ஏற்கனவே சரியாகி, கோட்டில் சுற்று குறைவாக நிற்கும் ஹைவெல்ட் வண்டி.

தற்போதைய எண்ணை முதலில் உறுதிசெய்யுங்கள். கதவோரத் தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். முன்னால் வைத்திருந்தவர் மாற்றியிருக்கலாம். சாதாரணத் திறந்த டிஃபில் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் தடையின்றிச் சுற்ற விடுவது) ஒரு பின்சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, மற்றதை மட்டும் தூக்கி, முன்னும் பின்னும் கட்டை வைத்து, நியூட்ரலில் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே டிஃப் எண். நாலுக்குச் சற்றுக் குறைவாக நின்றால் 3.91, நாலரையைத் தாண்டினால் 4.56. டிஃப் வெளியே இருந்தால் பற்களை எண்ணுங்கள்: 43-ஐ 11-ஆல் வகுத்தால் 3.91, 43-ஐ 10-ஆல் வகுத்தால் 4.30, 41-ஐ 9-ஆல் வகுத்தால் 4.56.

டொயோட்டாவின் 8 அங்குலப் பின்டிஃபுக்கு ஒரு வசதி உண்டு. நடுப்பகுதி மொத்தமாக முன்பக்கம் கழன்று வரும். வேறு எண்ணுள்ள ஹைலக்ஸிலிருந்து முழு நடுப்பகுதியையே ஸ்கிராப்யார்டில் வாங்கி மாட்டினால், பினியனை அமைக்கும் நுணுக்க வேலை மிச்சம். ஆக்ஸிலின் பல்வரி எண்ணிக்கை பொருந்துகிறதா, முகப்புப் போல்ட் வட்டம் ஒன்றா, பழைய எண்ணெயில் மினுமினுப்பு இருக்கிறதா என்ற மூன்றையும் யார்டிலேயே பாருங்கள்.

புதுக் கிரவுன்-பினியன் போடுவதானால் வேலையின் தரம்தான் எல்லாம். பேரிங்குகள், சீல்கள், நசுங்கும் ஸ்லீவ் எல்லாம் புதிது வேண்டும். ஒருமுறை நசுங்கிய ஸ்லீவை மறுபடி போட்டால் பினியன் தளர்ந்து ஊளையிடும். மேற்சொன்ன டொயோட்டா டிஃபில் பற்களுக்கிடையேயான ஆட்டம் 0.13 முதல் 0.18 மி.மீ. வரை இருக்க வேண்டும். அதைக் கிரவுனைச் சுற்றிக் குறைந்தது மூன்று இடத்தில் டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பிறகு நாலைந்து பல்லில் மஞ்சள் குறியீட்டுப் பசை தடவி, கிரவுனை ஒரு கையால் தடுத்துப் பிடித்தபடி மறு கையால் சுற்றினால் பினியன் தொட்ட இடத்தில் பசை விலகித் தடம் விழும். அந்தத் தடம் பல்லின் உயரத்துக்கு நடுவே விழ வேண்டும். நுனியில் விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, வேரில் விழுந்தால் அதிகமாக உள்ளே இறங்கியிருக்கிறது. இரண்டுக்கும் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) மாற்றித்தான் தீர வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் தடத்தைப் படம் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தயங்கும் பட்டறையில் டிஃபை விட வேண்டாம்.

புதுப் பல்லைப் பழக்காமல் டிராக்குக்குக் கொண்டுபோவதுதான் அதிகம் நடக்கும் கேடு. முதல் 20 கி.மீ. மெதுவாக ஓட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, இதையே இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 800 கி.மீ. வரை முழு ஆக்ஸிலரேட்டரும் வேண்டாம், டிரெய்லரும் வேண்டாம். அதன்பிறகு எண்ணெயை மாற்றினால் டிஃப் ஓட்டத்துக்குத் தயார். எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் நழுவுவதைக் கட்டுப்படுத்தும் டிஃப்) என்றால் அதற்குரிய சேர்க்கைத் திரவத்தை மறக்காதீர்கள்.

மறைமுகச் செலவுகள் இங்கேதான் அதிகம். நான்கு சக்கர இயக்கமானால் முன்டிஃபும் அதே எண்ணுக்கு மாற வேண்டும்: பாகமும் கூலியும் இரட்டை. பின்னால் 4.56, முன்னால் 3.91 என்று விட்டுவிட்டு 4எச்-ஐ (நான்கு சக்கர இயக்க நிலை) போட்டால், முன்பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். நம் பக்கிகளில் உள்ள, தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் வகை 4எச்-ஐ நேர்கோட்டு ஓட்டத்துக்கு மட்டும் போட்டு, திரும்பும் பாதைக்கு வளையும் முன் எடுத்துவிட வேண்டும்.

பிறகு நெடுஞ்சாலை. ஐந்தாம் கியர் 0.72 என்றால், 776 டயரோடு 120 கி.மீ. வேகத்தில் 3.91 டிஃப் 2,310 சுற்றில் ஓடும், 4.30 போட்டால் 2,540; 4.56 போட்டால் 2,690. டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு ஏறத்தாழ 570 கி.மீ. அத்தனை தூரமும் அந்தக் கூடுதல் சத்தமும் எரிபொருள் செலவும் உங்களுடையவை. பதிலுக்கு டவுன் ஹில், வான் ரீனன் கணவாய் ஏற்றங்களில் டிரெய்லரோடு போகும்போது கியர் இறங்காமல் இழுக்கும். சுமை வண்டிக்கு அது கண்கூடான பலன். அந்த வகையில் டிஃபுக்குக் கொடுத்த காசு வாரநாளிலும் வேலை செய்யும்.

4.30-க்கும் 4.56-க்கும் இடையே தவிக்கிறவர்களுக்கு: கடற்கரையில் மட்டும் ஓடும் மாதிரி வண்டிக்கு 776 டயரோடு 4.56 தப்பு. 133 கி.மீ. வேகத்திலேயே லிமிட்டர் வந்து, கோட்டுக்குச் சற்று முன்னால் நாலாம் கியருக்குப் போக நேரும். ஹைவெல்டிலும் அது விளிம்பில்தான் நிற்கிறது; நழுவலைச் சேர்த்தால் லிமிட்டரைத் தாண்டிவிடும். 4.30 இரண்டு இடத்துக்கும் நெருக்கமானது; கடற்கரையில் கன்வர்ட்டர் லாக் ஆகிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

வழி 4: பெரிய டயரை வைத்துக்கொண்டு டிஃபை அதற்கு ஈடுகட்டுவது

மணலுக்கும் பண்ணைக்கும் போகும் வண்டி, 831 டயர் தேவை, ஆண்டுக்கு ஓரிரு முறை டிராக்கிலும் ஓட ஆசை என்றால் 4.56 நியாயமானது. அட்டவணையின் கடைசி வரியில் சுற்று சரியாகவே வருகிறது. டயரின் எடை மட்டும் அப்படியே இருக்கும், பிடிப்பும் கூடாது. டிராக் நேரத்துக்காக மட்டும் இதைச் செய்வது பண விரயம். ஏற்கனவே செய்துவிட்டவர் டிராக்குக்கென்று 776 டயரை மாட்டினால் 6,110 சுற்று வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாலாம் கியருக்குப் போயே ஆக வேண்டும்.

டீசல், பத்து கியர், அரை டன்

டர்போ டீசலுக்கு மேற்சொன்ன ஆசைகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஹைலக்ஸின் 2.8 ஜிடி-6 போன்ற எஞ்சின் 3,400 சுற்றுக்குமேல் சக்தியை இழக்கத் தொடங்கும். டிஃப் எண்ணைக் கூட்டினால் ஒவ்வொரு கியரும் சீக்கிரம் முடிந்து, மாற்றம் ஒன்று கூடும். ஹைவெல்டிலும் டர்போ காற்றை ஈடுகட்டுவதால் முடிவு வேகம் அவ்வளவு விழாது. கிளம்பும்போது டர்போ விழிக்கத் தாமதிப்பதுதான் சிக்கல். பிரேக்கை மிதித்தபடி சுற்றை ஏற்றிக் கிளம்பப் பழகுவது டிஃபைவிட மலிவு.

பத்து கியர் ரேஞ்சரில் டிஃபைத் தொடவே வேண்டாம். முதல் கியர் 4.70, இழுவைக்குப் பஞ்சமில்லை. கியர்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கோட்டருகே ஏதோ ஒன்று எப்படியும் சரியான சுற்றில் இருக்கும். அந்தக் காசை டயரில் போடுங்கள்.

என்பி200, கோர்ஸா யூட்டிலிட்டி, பழைய கேடி பக்கி போன்ற அரை டன், முன்சக்கர இயக்க வண்டிகளில் கிளம்பும்போது எடை இயக்கும் சக்கரத்தை விட்டுப் பின்னால் போகிறது. அங்கே டிஃப் எண் கியர்பாக்ஸுக்குள் இருப்பதால் மாற்றுவதும் பெரிய வேலை. முன்னால் விட்டம் குறைந்த மிருதுவான டயர், பின்னால் அதிகக் காற்று, பின்பெட்டி காலி. அதற்குமேல் வேண்டுமானால் எஞ்சின் மவுண்டிங்குகளை இறுக்கமானவையாக மாற்றிச் சக்கரத் துள்ளலை நிறுத்துங்கள்; கியர்பாக்ஸ் அதற்கு அப்புறம்.

யாருக்கு எது

முடிவை உங்கள் டைம் ஸ்லிப்பும் (டிராக்கில் தரும் நேரச் சீட்டு) டயர் தடமுமே சொல்லும். 60 அடி நேரம் மோசமாக, தரையில் இரண்டு கறுப்புத் தடம் இருந்தால் வழி 2. ஒரே ஒரு தடம் இருந்தால் டிஃப் திறந்தது. எண்ணை மாற்றும் முன் எல்எஸ்டி போட வேண்டும், இரண்டையும் ஒரே முறை பிரிக்கும்போது செய்தால் கூலி ஒன்றாகும். தடமே இல்லாமல் வண்டி மந்தமாகக் கிளம்பினால் இழுவை போதவில்லை: மட் டயர் இருந்தால் வழி 1, இல்லாவிட்டால் வழி 3. 60 அடி நன்றாக இருந்து, கோட்டில் சுற்று உச்சத்துக்கு 300-க்குமேல் குறைந்தால் அதுவும் வழி 3. லிமிட்டரில் முட்டினால் எதிர்த்திசையில் போங்கள்: பின்டயரை ஒரு அளவு உயர்த்துங்கள்.

கோட்டுச் சுற்றைக் கண்ணால் பார்க்க முயல வேண்டாம். வண்டியின் ஓபிடி (பழுதறியும்) பிளக்கில் மாட்டும் சின்னக் கருவியும் ஃபோனும் அதைப் பதிந்துவிடும். டிஃபுக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஒரே நாளில், ஒரே டிராக்கில், கம்பெனி டயரோடு மூன்று ஓட்டம், கடன் வாங்கிய சின்ன டயரோடு மூன்று ஓட்டம். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு மீதி இரண்டை ஒப்பிடுங்கள். வெயில் ஏறும் முன் ஒரு ஜோடியும் உச்சிவெயிலில் இன்னொன்றும் ஓடினால், டயரையல்ல, காற்றின் சூட்டைத்தான் அளந்திருப்பீர்கள்.